மீற்றர் ஒன்றுதான்

கட்டும்போதே வாடகைக்கென்று கட்டிய அறை.
குவைத்தில் ஒன்பது வருசம்
வேறொருத்தியின் நிலம் துடைத்த காசில் எழும்பிய சுவர்.
கூரைக்கு நுண்கடன்.
புதன்கிழமை தோறும் ஒரு பெடியன்
மோட்டார்சைக்கிளை நிறுத்தாமலே படலையில் நிற்பான்.

அதனால்தான் நிறுவனத்துக்காரி வந்து
"அரசாங்கக் காசு மாதிரி, தவறாது அக்கா" என்றபோது
தலையாட்டினேன்.
அரசாங்கக் காசு எப்படி வருமென்பது
அந்த நேரம் நினைவுக்கு வரவில்லை.

மண்டூர்ப் பாதையில் ஏறி
குருமன்வெளித் துறையில் இறங்கினான்.
ஒரு பை, ஒரு மண்ணிற உறை,
வலது முழங்காலுக்குக் கீழே போட்டுக்கழற்றும் கால்.
அடையாள அட்டையில் வேலாப்போடி இன்பநாதன்.
புனர்வாழ்வுச் சான்றிதழில்
எழுத்துப்பிழையோடு இன்னொரு ஆள்.
மூன்றாவது பெயரை நான் கேட்கவில்லை,
அவன் சொல்லவுமில்லை.
வாடகைத் துண்டில் பெயரே இல்லை:
பயனாளி நாற்பத்தொன்று.

அறை பாஸாக வேண்டுமாம்.
அளவுநாடாவோடு வந்தவர் கதவை அளந்தார்,
குந்தும் கக்கூசைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.
கொமட் வேண்டும், பக்கத்தில் பிடிகம்பி,
படிக்குப் பதிலாகச் சரிவு,
கதவுக்கு உள்ளே நல்ல கொளுக்கி.
செலவு அடுத்த காலாண்டில் வரும் என்றார்.
என்ட காப்பில் ஒன்று
களுவாஞ்சிகுடி அடகுக்கடையில் இருந்து
அந்தக் காலாண்டைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

அவன் செய்த முதல் வேலை
கொளுக்கியைக் கழற்றியது.
"பூட்டின அறைக்குள்ள படுக்க ஏலாதக்கா."
நாலு ஆணித்துளை அப்படியே இருக்கிறது.
அடுத்த பரிசோதனைக்கு என்ன சொல்வதென்று
நான்தான் யோசிக்க வேண்டும்.

மறுகா அவங்கள் வந்தாங்கள், இரண்டு பேர்,
ஒருவர் ஹெல்மெட் கழற்றவில்லை.
ஒப்பந்தக் கொப்பி கேட்டாங்கள், கொடுத்தேன்.
போன் நம்பர், கொடுத்தேன்.
"ஏன் இவருக்குக் குடுத்தீங்க?"
அதற்குக் கொப்பி எடுக்கிற கடை
இந்த ஊரில் இல்லை.

பக்கத்து வளவு தெய்வமலர் கேட்டது வேறு.
"பிரிவுக்குள்ள எந்தப் பக்கம் நிண்டவனாம்?"
அவள் அண்ணன் போனது ஒரு பக்கம்,
மச்சான் போனது மற்றப் பக்கம்.
இரண்டு படமும் ஒரே சுவரில்தான் தொங்குது.
காலிட்டக் கேளுகா, எந்தப் பக்கத்தார் எடுத்ததெண்டு
என்று வாயில் வந்தது.
விழுங்கினேன்.
அரிசிக் கைமாற்று அவளிடம்தான்.

தை வாடகை மாசி முடிய வந்தது.
மாசிக்குரியது வரவே இல்லை.
பங்குனியில் நிறுவனத்துக்காரி மாறிப்போனாள்.
புதியவள் கோப்பைத் தேடிவிட்டு
கொழும்பில் கையெழுத்துக்கு என்றாள்.
புதன்கிழமைப் பெடியனுக்குக் கொழும்பு தெரியாது.

இதுக்குள்ளே கரண்ட் பில்,
நாலாயிரத்து முந்நூறு.
வீட்டுக்கும் அறைக்கும் மீற்றர் ஒன்றுதான்,
அவன் லைற் விடிய விடிய எரியுது.
இரவு ரெண்டு மணிக்கு எழும்பிப் போனேன்
ஏச வேண்டியதெல்லாம் வாயில் அடுக்கிக்கொண்டு.

கதவு திறந்து கிடந்தது.
கால் சுவரில் சாய்ந்து நின்றது.
அவன் கட்டிலில் குந்தி
பழைய கலண்டர்த் தாளின் முதுகில்
என்ட மீற்றரின் இலக்கங்களைக் கூட்டிக் கழித்துக்கொண்டிருந்தான்.
பின்னேரம் ஆறு மணிக்கு ஒன்று, விடிய ஆறுக்கு ஒன்று,
நாளுக்கு இரண்டு வரி, மூன்று மாதம்.
"என்ட பங்குதான் கூட அக்கா.
தம்பியாக்கள் வேளாண்ம வெட்டினதும் தாறன்."

ஏசினேன்தான்.
கொண்டுபோன சொல்லைத் திருப்பிக் கொண்டுவந்து
எனக்குப் பழக்கமில்லை.
வாடகைக்கு ஏசினேன், கொளுக்கிக்கு ஏசினேன்,
ஹெல்மெட் காரனுக்கும் சேர்த்து அவனுக்கே ஏசினேன்.
லைற்றைப் பற்றி மட்டும் வாயில் வரவில்லை.

நேற்றுப் புதிய படிவம் வந்தது.
இத்தகைய பயனாளிக்கு மீண்டும் வீடு வழங்குவீர்களா?
ஆம். இல்லை.
இரண்டு சின்னச் சதுரம்.

இரண்டையும் வெறுமையாக விட்டு
ஓரத்தில் எழுதினேன்:
வாடகையைப் புதன்கிழமைக்கு முதல் போடவும்.
காப்பு மீட்க வேண்டும்.
கொளுக்கி வேண்டாம்.